சென்னையின் பூங்காக்களும் மரங்களும்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேற்கே ரிப்பன் மாளிகை, விக்டோரியா பொது மண்டபம், நேரு விளையாட்டரங்கம், புறநகர் ரயில் முனையம் என்று அடுத்தடுத்துக் கட்டடங்கள் நிற்கின்றன. இவை எல்லாமே ஒரே பூங்காவின் நிலத்தில் எழுந்தவை. பீப்பிள்ஸ் பார்க் என்ற அந்தப் பூங்கா 116 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடந்தது. 1859-இல் மதராஸ் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், நெருக்கியடித்து வாழ்ந்த நகர மக்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று அதை ஏற்படுத்தினார். 11 குளங்கள், சுற்றிவரச் சாலைகள், பேண்டு வாசிக்க ஒரு மேடை என்று பெரிதாகத் திட்டமிடப்பட்ட இடம் அது. எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கியிருந்த மிருகக்காட்சி சாலையும் சில ஆண்டுகளில் அங்கே குடிபெயர்ந்தது. ஊர்மக்கள் அதை ‘உயிர் காலேஜ்’ என்றும், பாடம் செய்த விலங்குகள் இருந்த அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் பட்டணம் பார்க்க வந்தால் இரண்டையும் பார்க்காமல் திரும்பியதில்லை.

அந்தப் பூங்கா ஒரே நாளில் அழியவில்லை. 1880-களில் ஒரு துண்டு விக்டோரியா மண்டபத்துக்குப் போனது. 1900-இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. 1913-இல் மாநகராட்சியே தனக்கான மாளிகையை அங்கே கட்டிக்கொண்டது. விளையாட்டரங்கம் பின்னர் வந்தது. 1985-இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானபோது, அந்த இடமாவது மறுபடி பூங்காவுக்குத் திரும்பியிருக்கலாம்; ஆனால் ரயில்வேக்குப் போயிற்று. அதே ஆண்டு வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. பீப்பிள்ஸ் பார்க்கின் மிச்சமாக இன்று மை லேடீஸ் பூங்கா என்ற சிறு பகுதி மட்டும் இருக்கிறது.

இந்தக் கட்டடங்களில் ஒன்றைக்கூட தேவையற்றது என்று சொல்ல முடியாது. மண்டபம், சந்தை, அலுவலகம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம் எல்லாம் மக்களுக்கு வேண்டியவையே. ஆனால் ஒவ்வொரு முறையும் இடம் தேடியவர்கள் கண்ணில் முதலில் பட்டது பூங்காதான். கட்டடம் இல்லாத நிலம் ஏதோ ஒரு கட்டடத்துக்காகக் காத்திருக்கிறது என்ற எண்ணம் சென்னையில் ஆழமாக வேரோடியிருக்கிறது. நகரத்தின் பசுமை வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி தெரிந்த மாதிரி.

பீப்பிள்ஸ் பார்க்குக்குப் பிறகு வட்டாரப் பூங்காக்கள் வந்தன. சிந்தாதிரிப்பேட்டையில் நேப்பியர் பூங்கா, இராயபுரத்தில் ராபின்சன் பூங்கா ஆகியவை பிரிட்டிஷ் அதிகாரிகளின் பெயரைத் தாங்கியவை. முன்னது இன்று மே தினப் பூங்கா, பின்னது அறிஞர் அண்ணா பூங்கா. 1920-களில் மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கியபோது, திட்ட வரைபடத்திலேயே பூங்காக்களுக்கு இடம் விடப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர்களின் பெயரில் பனகல் பூங்கா, நடேசன் பூங்கா என்று அவை அமைந்தன. தெருக்கள் பூங்காவிலிருந்து கிளைவிட்டுப் பிரியும் அந்த அமைப்பை இன்றும் தி.நகரில் காணலாம். ஓர் ஏரியை இழந்து பெற்ற பூங்காக்கள் அவை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பகுதியில் தண்ணீர் தேங்குவதற்கு அந்த ஏரிப் பள்ளமும் ஒரு காரணம்.

அந்தக் காலப் பூங்கா நடைப்பயிற்சிக்கான இடமாக மட்டும் இருக்கவில்லை. மதராஸ் மாநகராட்சி 1930-இல் சொந்தமாக வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்கள் மிகச் சிலரே என்பதால் பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மாலையில் புல்தரையில் உட்கார்ந்து சங்கீதம் கேட்பது ஊர் வழக்கமாயிற்று. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்த பிறகும் பூங்கா ரேடியோ நெடுங்காலம் ஒலித்தது. படிப்பகங்களும் பூங்காக்களில் இயங்கின. பொதுக்கூட்டங்களும் அங்கேதான். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது ராபின்சன் பூங்காவில். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தின விழாவைக் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில். அரங்கத்துக்கு வாடகை கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு நகரம் தந்த மேடை அந்தத் திறந்தவெளி.

கடற்கரை என்று பேச்சு வந்தால் மெரினாவைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்த அகன்ற மணற்பரப்பு ஆதியிலிருந்தே அப்படி இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அலைகள் இன்றைய சாலைக்கு வெகு அருகில் வந்து மோதின. 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கியதும் நிலைமை மாறியது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். துறைமுகச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. வந்த மணல் தெற்குப் பக்கம் தங்கித் தங்கிக் கடற்கரை அகலமாயிற்று. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், அந்த மணலை ஒட்டி 1884-இல் உலாவும் சாலை அமைத்து, இத்தாலியில் கண்ட கடற்கரைகளின் நினைவில் மெரினா என்று பெயர் வைத்தார்.

தெற்கே சேர்ந்த மணல் வடக்கே சேர வேண்டிய மணல். சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளுக்கு மணல் வருவது நின்றது. அங்கே கடல் கரையை அரித்தது. மீனவர் குடியிருப்புகளும் சாலையும் பறிபோயின. கருங்கற்களைக் கொட்டித்தான் மீதியைக் காக்க வேண்டியிருந்தது. ஒரே சுவர் தென்சென்னைக்கு மெரினாவைத் தந்து, வடசென்னையின் கடற்கரையை எடுத்துக்கொண்டது. சென்னையில் பசுமையும் திறந்தவெளியும் வடக்கே குறைவு, தெற்கே மிகுதி என்று இன்று பேசப்படும் வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. மெரினாவின் அழகைப் பேசும்போதெல்லாம் இந்த மறுபக்கமும் பேசப்பட வேண்டும்.

ஆனாலும் மெரினாவைப் போல எல்லாரையும் ஏற்கும் இடம் நகரத்தில் இன்னொன்று இல்லை. நுழைவுச்சீட்டு கிடையாது, கதவு கிடையாது. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்பவர், குதிரை ஓட்டுபவர், பலூன் சுடும் கடைக்காரர், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பேருந்தில் வந்திறங்கும் தொழிலாளி, விடியற்காலையில் ஓடும் இளைஞர் என்று எல்லாருக்கும் அது சொந்தம். ஒருவகையினருக்கு மட்டும் நெடுங்காலம் அந்த மணல் எட்டாமல் இருந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களால் சாலையோரத்தில் இருந்தபடியேதான் கடலைப் பார்க்க முடிந்தது. அலையில் கால் நனைக்க யாராவது தூக்கிச் செல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் கேட்டுப் போராடிய பிறகு, 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. முதல் சில நாட்களில் அங்கே திரண்ட கூட்டம் அதன் அவசியத்தைக் காட்டியது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் கடலை ஒட்டிய பகுதி சேதமடைந்தது, பிறகு சரிசெய்யப்பட்டது. பாதையை ஒருமுறை போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாது. பலகை பெயர்ந்தால் உடனே பதிப்பதும், மணல் மூடினால் அள்ளுவதும்தான் அந்தச் சேவை.

மாநகராட்சியின் வட்டாரப் பூங்காக்களுக்கும் இதே கணக்குதான். 2011-இல் அம்பத்தூர், மாதவரம், ஆலந்தூர், பெருங்குடி போன்ற பகுதிகள் சேர்ந்து மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இன்று பூங்காக்களின் எண்ணிக்கை எழுநூறைத் தாண்டிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஒரு தெருவின் மூலையிலோ மனைப்பிரிவின் நடுவிலோ அமைந்த சிறு பூங்காக்கள். ஒரு நடைபாதை, சில பெஞ்சுகள், ஊஞ்சல், சறுக்குமரம், திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள், அண்மைக்காலமாக எட்டு வடிவ நடைபாதை என்பதே அவற்றின் பொது இலக்கணம். சில பூங்காக்களை மாநகராட்சியே பராமரிக்கிறது. சிலவற்றை ஒப்பந்ததாரர்கள் பராமரிக்கிறார்கள். இன்னும் சிலவற்றை நிறுவனங்களும் குடியிருப்போர் சங்கங்களும் தத்தெடுத்துள்ளன.

ஒரு பூங்கா நன்றாக இருக்கிறதா என்பதைப் பூச்செடிகளை வைத்து அளக்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது கதவு. நடுப்பகலில் பூட்டிக் கிடக்கும் பூங்காக்கள் சென்னையில் நெடுங்காலமாக உண்டு. காலையில் சில மணி நேரமும் மாலையில் சில மணி நேரமும் மட்டும் திறந்திருந்தால், நடைப்பயிற்சிக்கு வரும் நடுத்தர வகுப்பினருக்கு அது போதும். மதிய வெயிலில் ஒதுங்க நிழல் தேடும் தபால்காரர், உணவு கொண்டுசெல்லும் இளைஞர், கட்டடத் தொழிலாளி, ஒற்றை அறை வீட்டில் படிக்க இடமில்லாத மாணவி ஆகியோருக்குப் பூங்கா தேவைப்படும் நேரம் நடுப்பகல்தான். மேற்கூரை கொதிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் மரநிழலைப் பூட்டி வைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. அடுத்துப் பார்க்க வேண்டியது கழிப்பறை, அதுவும் பெண்களுக்கான கழிப்பறை. அது இல்லாத பூங்காவில் பெண்கள் அரைமணி நேரத்துக்குமேல் இருக்க மாட்டார்கள். மாலையில் விளக்கு எரிகிறதா, ஊஞ்சலின் சங்கிலி அறுந்திருக்கிறதா, குடிநீர் வருகிறதா என்பவை அதற்கடுத்தவை. இவையெல்லாம் சரியாக இருந்தால் பூச்செடி வாடியிருந்தாலும் அது நல்ல பூங்காவே.

விளையாட்டுத் திடல்களுக்கு வேறொரு சிக்கல். வியாசர்பாடியில் கால்பந்தும், இராயபுரம் பக்கம் குத்துச்சண்டையும், வடசென்னை முழுவதும் கேரமும் சந்து சந்தாக வளர்ந்த விளையாட்டுகள். அங்கிருந்து பலர் மாநில, தேசிய அணிகள் வரை போயிருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் மைதானம் மாநகராட்சித் திடல். 2024 அக்டோபரில் செயற்கைப் புல்தரை பதித்த மாநகராட்சிக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஒருவர் ஒரு மணி நேரம் விளையாட 120 ரூபாய் வசூலிக்க மாமன்றத்தில் தீர்மானம் வந்தது. பயிற்சியாளர்களும் கட்சிகளும் இளைஞர்களும் எதிர்த்ததால் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. நல்ல முடிவு. செயற்கைப் புல்லுக்குப் பராமரிப்புச் செலவு அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்தச் செலவை, வீட்டுவாடகைக்கே திணறும் குடும்பத்துப் பிள்ளையின் தலையில் கட்டினால் திடல் பெயருக்குத்தான் பொதுத் திடலாக இருக்கும்.

பெரிய பூங்காக்களில் பொறுமைக்குச் சோதனையாக அமைந்தவை இரண்டு. அண்ணா நகரில் 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட 135 அடி கோபுரத்தைச் சுற்றி அமைந்தது விஸ்வேஸ்வரய்யா கோபுரப் பூங்கா. கோபுரத்தின் மீது ஏறுவது 2011-இல் நிறுத்தப்பட்டு, 2023-இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஷெனாய் நகரின் திரு.வி.க. பூங்காவும் மெட்ரோ ரயில் பணிக்காக 2011-இல் மூடப்பட்டு 2023-இல் திறக்கப்பட்டது. அடியில் ரயில் நிலையம், மேலே பூங்கா என்ற ஏற்பாடு. மெட்ரோ நகரத்துக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் 2011-இல் 5 வயதாக இருந்த குழந்தை தன் பள்ளிப் பருவம் முழுவதையும் பக்கத்துத் தெருப் பூங்கா இல்லாமலே கழித்துவிட்டது. வெட்டப்பட்ட பழைய மரங்களின் நிழல் திரும்ப இன்னும் பல ஆண்டுகள் ஆகும். இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காகப் பனகல் பூங்காவிலும் இதே காத்திருப்பு நடக்கிறது. இத்தகைய பணிகளில் இடத்தைத் திருப்பித் தரும் நாளை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதும், அதுவரை அந்த வட்டாரத்துக்கு மாற்றுத் திடல் ஒன்றை ஏற்பாடு செய்வதும் முறையாக்கப்பட வேண்டும்.

கதீட்ரல் சாலையில் நடந்தது வேறு மாதிரி. அங்கே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த சுமார் 20 ஏக்கர் அரசு நிலம் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 1835-இல் தொடங்கப்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்து மீட்ட நிலத்தில், சாலையின் எதிர்ப்புறம், 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. நகரின் விலையுயர்ந்த சாலை ஒன்றில், அடுக்குமாடிக்குப் போகாமல் நிலம் பூங்காவானது பெரிய செய்தி. கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ஜிப்லைன், கண்ணாடி மாளிகைத் தோட்டம் என்று கண்ணைக் கவரும் அம்சங்களும் உண்டு. உள்ளே நுழையவும், ஒவ்வொரு அம்சத்துக்கும் தனித்தனியாகவும் கட்டணம் இருப்பதால் ஐந்து பேர் கொண்ட குடும்பம் அடிக்கடி போய்வர முடியாது. இத்தகைய பூங்காக்கள் சுற்றுலாத் தலங்களாக இருக்கட்டும். அன்றாடத் தேவைக்கான தெருமுனைப் பூங்காவுக்கு இவை ஈடாக மாட்டா.

தோட்டமாகத் திருத்தப்படாத பசுமையும் நகரத்துக்குள் உண்டு. கிண்டி தேசியப் பூங்கா 1978-இல் அறிவிக்கப்பட்டது. 270 ஹெக்டேர் பரப்பு. மாநகரத்தின் நடுவே வெளிமானும் புள்ளிமானும் மேயும் காடு உலகில் அபூர்வம். அந்தக் காடும் முன்பு இதைவிடப் பெரியது. ராஜ்பவன், ஐ.ஐ.டி., தலைவர்களின் நினைவிடங்கள் என்று பிரித்துக் கொடுத்ததுபோக மிஞ்சியதே இது. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் சுமார் 450 ஆண்டுப் பழமையான ஆலமரம் ஒன்று இருக்கிறது. அதன் தாய்மரம் 1989-இல் புயல்காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் தனி மரங்களாக நின்று அந்தப் பரப்பை இன்னும் மூடியிருக்கின்றன. அடையாறு கழிமுகத்தில் குப்பை கொட்டிக் கிடந்த 58 ஏக்கர் நிலம் சீரமைக்கப்பட்டு 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. தூர்ந்த நீர்நிலையை ஆழப்படுத்தி, கழிமுகத்துக்கு உரிய செடிகளையும் மரங்களையும் நட்டபின் பறவைகளும் நண்டுகளும் தாமாகத் திரும்பி வந்தன. சேதமான நிலத்தை மீட்க முடியும் என்பதற்குச் சென்னையில் காட்டத்தக்க முதல் சான்று அது.

பூங்காக்களைவிடவும் அதிகம் பேருக்கு அன்றாடம் பயன்படுபவை தெருவோர மரங்கள். பூங்காவுக்கு ஒருநாளும் போகாதவரும் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மரத்தடியில்தான் நிற்கிறார். மரநிழல் தார்ச்சாலையையும் சுவரையும் சூடேறாமல் தடுக்கிறது; இலைகளிலிருந்து வெளியேறும் ஈரம் சுற்றுக் காற்றைத் தணிக்கிறது. சென்னையின் ஈரப்பதத்தில் இரண்டாவதன் பயன் கொஞ்சம் குறைவு. எனவே இங்கே நிழல்தான் முதன்மை. அகன்ற தலைவிரிப்பு உள்ள ஒரு முதிர்ந்த மரம் தரும் நிழலை, அதற்குப் பதிலாக நடப்படும் பத்துக் கன்றுகள் பல ஆண்டுகளுக்குத் தர முடியாது. ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நடுவோம் என்ற வாக்குறுதியை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

நகரச் சாலைகளில் அதிகம் காணப்படுபவை தூங்குமூஞ்சி, இயல்வாகை, குல்மொஹர், வேம்பு, புங்கை, பூவரசு. முதல் மூன்றும் வெளியிலிருந்து வந்தவை. தூங்குமூஞ்சி தென்னமெரிக்காவிலிருந்தும் குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்தும் வந்தன. விரைவாக வளரும், நிழல் விரியும், பூ அழகு என்பதால் அவற்றைச் சாலையோரங்களில் நட்டார்கள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையின் மேல் கரைகடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல தெருக்களில் நடக்கவே வழியில்லை. விழுந்தவற்றில் இயல்வாகையும் குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் மிகுதி. உடனே வெளிநாட்டு மரங்களே குற்றவாளிகள் என்று பேச்சு எழுந்தது. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. இவற்றின் கிளைகள் மெலிந்தவை, எளிதில் முறிபவை. ஆனால் சாய்ந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்கள் வேறொன்றையும் கண்டார்கள். வேர் ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. மறுபக்கத்தை மழைநீர் வடிகாலுக்கும் மின்கம்பிக்கும் தொலைபேசிக் குழாய்க்கும் தோண்டியபோது வெட்டியிருந்தார்கள். மரத்தின் கழுத்து வரை சிமென்ட் பூசப்பட்டிருந்தது. மின்கம்பிக்காகச் சாலைப் பக்கக் கிளைகளை மட்டும் கழித்ததில் மரம் ஒருபக்கமாகக் கனத்திருந்தது. இப்படி நிற்கும் வேம்பும் அடுத்த புயலில் விழும்.

எனவே மரம் நடுவதில் காட்டும் ஆர்வத்தைவிட, நட்ட மரத்தின் அடிமண்ணைக் காப்பதில் காட்டும் கவனம் பெரிது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு சிமென்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. சென்னையிலும் அதே அளவுகோல் கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும். நடைபாதையில் சதுரக் குழி விட்டால் மழைநீர் இறங்கும், வேர் மூச்சுவிடும். மரங்களில் ஆணி அடித்து விளம்பரப் பலகை மாட்டுவதும் இதே போன்ற கொடுமை. ஆணித் துளையில் நீரும் கிருமியும் புகுந்து தண்டு உள்ளுக்குள் மட்கும். இப்படி ஆணி அடிப்பவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் உண்டு என்று மாநகராட்சி 2019-இல் அறிவித்தது. அறிவிப்பு வந்த பிறகும் வாடகை வீடு, டியூஷன், கடன் விளம்பரங்கள் மரங்களில் தொங்குவதைத் தெருவில் நடப்பவர் எவரும் காணலாம்.

2020 முதல் மாநகராட்சி மியாவாக்கி முறையில் குறுங்காடுகளை வளர்த்து வருகிறது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறைப்படி, சிறு இடத்தில் பலவகை நாட்டு மரக்கன்றுகளை நெருக்கமாக நட்டு, முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நீரும் உரமும் கொடுத்தால் போதும். ஒளிக்காகப் போட்டியிட்டு அவை வேகமாக உயரும். குப்பைமேடாகக் கிடந்த மூலைகள் பசுமையானது உண்மை. மறுபடி குப்பை கொட்ட வாய்ப்பில்லாமல் போனதே பெரிய பயன். ஆனால் சோழமண்டலக் கரைக்கு உரிய இயற்கைக் காடு வேறு. வீரை, உலக்கைப் பாலை, காசான் போன்ற மரங்கள் கொண்ட, உயரம் குறைந்த, மெல்ல வளரும், இலையுதிராத உலர்காடு அது. கோயில் காடுகளில் இன்னும் மிச்சமிருக்கிறது. அதை மூன்று ஆண்டில் எழுப்ப முடியாது. மேலும் மக்கள் உள்ளே நடமாட முடியாத அடர்ந்த குறுங்காட்டைப் பூங்காவின் உள்ளேயே நட்டால் குழந்தைகள் ஓடும் இடம் குறைந்துவிடும். குறுங்காட்டுக்குப் பொருத்தமான இடம் ஆற்றங்கரையும் பயன்படாத மூலையும்தான். கோட்டூர்புரத்தில் நிழல் என்ற தன்னார்வ அமைப்பு 2006 முதல் வளர்த்துவரும் மரப்பூங்கா நல்ல வழிகாட்டி. நாட்டு மரங்களை இடைவெளி விட்டு நட்டு, ஒவ்வொன்றையும் பார்வையாளர் அடையாளம் காணும்படி வைத்திருக்கிறார்கள்.

வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வரும் நகரத்தில் பூங்காவுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. பூங்காவின் ஒரு பகுதியைப் பள்ளமாக்கி, தெருவில் ஓடும் மழைநீரை அங்கே தேக்கி நிலத்தில் இறக்கும் ‘ஸ்பாஞ்ச் பூங்கா’க்களை மாநகராட்சி பல வட்டாரங்களில் அமைத்துள்ளது. திட்டம் சரியானது. ஆனால் நடைபாதை முழுவதையும் டைல்ஸ் பதித்து, மீதி இடத்தில் சிமென்ட் மேடை கட்டிய பூங்காவில் தண்ணீர் இறங்க மண்ணே இருக்காது. பூங்காவுக்குள் போடும் சிமென்டுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும்.

இத்தனைக்கும் அடிப்படை சட்டம். தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டது. அதன்படி உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் உள்ள பூங்காக்கள், திடல்களின் பட்டியலைத் தயாரித்து வைக்க வேண்டும். பட்டியலில் உள்ள இடத்தை அரசின் அனுமதியின்றி வேறு பயனுக்கு மாற்ற முடியாது. புதிய மனைப்பிரிவுகளுக்கும் பெரிய குடியிருப்புகளுக்கும் திறந்தவெளி ஒதுக்கீடு என்ற விதி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடமென்றால் சாலை நீங்கலாக 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையான இடத்துக்கு, நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டவும் வழி உண்டு. அங்கேதான் ஓட்டை. பணம் வந்தாலும் அந்த வட்டாரத்தில் பூங்காவுக்கு நிலம் கிடைப்பதில்லை. நிலமாகவே கொடுத்த இடங்களிலும் சில, குடியிருப்பின் மதில் சுவருக்கு உள்ளே சிக்கி, பொதுச்சொத்து என்பதே வெளியே தெரியாமல் கிடக்கின்றன. கர்நாடகம், மகாராஷ்டிரம், டெல்லி போன்ற இடங்களில் நகர மரங்களுக்குத் தனிச்சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் மலைப்பகுதி மரங்களைத்தான் காக்கிறது. சமவெளி நகரங்களில் மரம் வெட்ட அனுமதி தருவது 2021-க்குப் பின் அமைந்த மாவட்டப் பசுமைக் குழுக்களின் பொறுப்பில் இருக்கிறது. குழுவின் முடிவை மீறுபவருக்குத் தண்டனை தர ஒரு முழுமையான மரச்சட்டம் தேவை. இதைத் தள்ளிப்போட நியாயம் இல்லை.

பூங்காவில் விளக்கு எரியாவிட்டாலும், மரத்தின் வேரைத் தோண்டி வெட்டினாலும், ஆணி அடித்தாலும், திடலில் வேலி போட்டாலும் சென்னை மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் எந்நேரமும் புகார் தரலாம். வட்டாரத்தில் உள்ள பூங்காக்களின் பட்டியலையும் தானமாகப் பெற்ற திறந்தவெளிகளின் விவரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். தங்கள் தெருவின் திறந்தவெளி எது, அது யார் பெயரில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.